ஸ்ராங்கு எழுத மறுத்த சொல்

சர்வதேச உறவுகள் தாளை இந்த ஆண்டு யார் நடத்துவது என்று நீங்கள் மூன்று பேரும் சீட்டுக் குலுக்கிப் பார்த்தீர்களாம். கேள்விப்பட்டுச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் கோபமும் வந்தது. நான் நம் அரசியல் அறிவியல் துறையில் ஆசிரியராகச் சேர்ந்தபோதும் அந்தத் தாள் இப்படித்தான் ஒவ்வொருவர் தலையாக உருண்டு கடைசியில் என் தலையில் வந்து நின்றது. ஓய்வு பெறும்வரை நான் அதை இறக்கி வைக்கவில்லை. உங்களில் சீட்டு விழுந்தவருக்காக இதை எழுதுகிறேன். தப்பித்த இருவரும் படிக்கலாம், அடுத்த ஆண்டு உங்களுக்கும் விழும்.

பாடத்திட்டத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. யதார்த்தவாதம், தாராளவாதம், மார்க்சியப் பார்வை, கட்டமைப்புவாதம் என்று நான்கு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் முன்னோடிகள், கருத்துகள், விமர்சனங்கள். புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது, அதை நீங்களே படித்துக்கொள்வீர்கள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு ஆளுக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரம் எனக்கு ஒருமுறை வந்தது. அதைத்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் அந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் உறவு என்றால் கல்யாணத்துக்கு அழைக்க மறந்தால் கோபித்துக்கொள்ளும் கூட்டம். நாடுகளுக்கு நடுவே நடப்பதற்கும் அதே சொல்லை வைத்துவிட்டோம். என் அறை வாசலில் என் பெயருக்குக் கீழே ‘சர்வதேச உறவுகள்’ என்று ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் கோட்டாற்றில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவர், மகனின் கட்டணம் கட்ட வந்த இடத்தில் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“சாருக்கு துபாய்ல ஆளு உண்டா? எனக்க மருமவனுக்கு ஒரு விசா வேணும்.”

“எனக்கு அங்க யாரும் இல்ல. நான் பாடம் நடத்துகிறவன்.”

“பொறவு வாசல்ல உறவுன்னு எழுதி வச்சிருக்கிய?”

நான் எரிச்சலோடு அவரை அனுப்பிவைத்தேன். பக்கத்து மேசையில் எங்கள் துறைத் தலைவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத பெண்மணி. தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார். “தெரியாதுன்னு சொல்லியாச்சு, சரி. ஆனா ஒரு ஆளு காரியமா வந்து நிக்கும்போது, அது எனக்க பாடத்துல இல்லன்னு மட்டும் சொல்லக் கூடாது. அப்படிச் சொல்லிட்டா நம்ம பாடம் என்னத்துக்கு?” அன்று எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகுதான் அது எனக்குத் தேவைப்பட்டது.

யதார்த்தவாதத்தை நான் பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை வைத்துத்தான் தொடங்குவேன். எங்கள் குடும்பத்துக்குச் சுசீந்திரம் பக்கம் கொஞ்சம் வயல் உண்டு. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். மேலே உள்ளவன் தேவைக்கு மேல் எடுத்தால் எங்கள் பயிர் காயும். ஆனால் அவனுக்கும் எங்களுக்கும் மேலே பொதுப்பணித்துறை என்று ஒன்று இருக்கிறது. போய் முறையிடலாம், சண்டை பிடிக்கலாம். அந்த அலுவலகமே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள், அப்போது யார் கையில் மடை இருக்கிறதோ அவன் வைத்ததுதான் சட்டம். நாடுகள் வாழ்வது அப்படிப்பட்ட ஊரில்தான், அவற்றுக்கு மேலே ஒரு போலீஸ் ஸ்டேஷன் கிடையாது என்று சொல்வேன். பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

அன்றும் அப்படித்தான் சொல்லி முடித்திருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஷைனி எழுந்தாள். மேற்குக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து பஸ் மாறி வரும் பெண். வகுப்பில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

“சார், ரெண்டு வயலுக்கும் நடுவுல வரப்புல ஒரு ஆளு நிக்காருன்னு வைங்க. அவரு யாருட்ட போயிச் சொல்லணும்?”

நல்ல கேள்வி, அடுத்த வகுப்பில் பார்ப்போம் என்றேன். பதில் தெரியாத ஆசிரியர்கள் எல்லோரும் சொல்வதுதான். மணி அடித்ததும் அவள் என் அறைக்கு வந்துவிட்டாள்.

“சார், எங்க அப்பா ஜெயில்ல இருக்காவ.”

அவள் அப்பா மரியதாசன் வளைகுடா நாடு ஒன்றில் மீன்பிடிப் படகில் ஸ்ராங்கு. ஸ்ராங்கு என்றால் படகை நடத்துகிறவர். எங்கே போவது, எங்கே வலை போடுவது, எப்போது திரும்புவது எல்லாம் அவர் சொல்வதுதான். படகு அரபாபுடையது, அதாவது அந்த நாட்டு முதலாளியுடையது. மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து நாட்டின் ரோந்துக் கப்பல் வந்து, எங்கள் கடலுக்குள் வந்துவிட்டாய் என்று படகோடு எல்லோரையும் பிடித்துக்கொண்டு போனது. கூட இருந்த தொழிலாளர்களைச் சில வாரங்களில் விட்டுவிட்டார்கள். ஸ்ராங்கை விடவில்லை. படகு எங்கே நிற்கிறது என்பதற்குப் பொறுப்பு அவர்தானே.

இதையெல்லாம் அழாமல் சொன்னாள். சொல்லிவிட்டுக் கேட்டாள்.

“எந்தத் தியரிப்படி எங்க அப்பா வருவாவ, சார்?”

கிண்டலே இல்லை. தேர்வுக்கு எந்தக் கேள்வி முக்கியம் என்று கேட்பதைப்போலத்தான் கேட்டாள். இத்தனை ஆண்டுகள் நடத்திய பாடத்தில் ஒரு ஆள் திரும்பி வருவதற்கான அத்தியாயம் எங்கே இருக்கிறது என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தெரியவில்லை. அது பாடத்தில் இல்லை அம்மா என்று சொல்ல வாய் வந்தது. துறைத் தலைவர் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

மறுநாள் அவள் அம்மா ஸ்டெல்லா வந்தார். உட்காரச் சொல்லியும் கொஞ்ச நேரம் நின்றார்.

“சாருக்கு எல்லா நாட்டுலயும் உறவு உண்டுன்னு பிள்ளை சொன்னா.”

“அம்மா, நான் அப்பிடிச் சொல்லல்ல. சார் அந்தப் பாடம் எடுக்காவன்னுதான் சொன்னேன்” என்றாள் ஷைனி. அவள் முகம் சிவந்துவிட்டது.

எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது என்று நான் விளக்கினேன். அந்த அம்மாவின் முகத்தில் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் இறங்கியது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், என்ன நினைத்தாரோ, திரும்ப உட்கார்ந்தார்.

“ஆளு தெரியாட்டா போவட்டு. எனக்கு நெஞ்சுல ஒரே வெப்ராளமா இருக்கு சார். நாங்க என்ன செய்யணும்னு ஆளாளுக்கு ஒவ்வொண்ணு சொல்லுதாவ. யாரு சொல்லுதது செரின்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

பதற்றத்துக்கு எங்கள் பக்கத்துச் சொல் வெப்ராளம். அது எனக்கும் அன்று தொற்றிக்கொண்டது.

அந்த வாரம் முழுக்க நான் விசாரித்தேன். நிலைமை இதுதான். அந்த இரண்டு நாடுகளுக்கும் நடுவே கடலில் எல்லை முடிவாகவில்லை. ஒரு நாடு ஒரு கோடு வைத்திருந்தது, மற்றது வேறொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே கிடக்கும் கடலை இரண்டுமே தம்முடையது என்றன. போதாக்குறைக்கு அந்தச் சமயத்தில் இரண்டு நாடுகளுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. தூதரகத்தை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன. ஷைனி சொன்ன வரப்பு அதுதான். அவள் அப்பா நின்றது அங்கேதான்.

என் பழைய மாணவன் ஒருவன் வளைகுடாவில் வேலையில் இருந்தான். அவன் மூலமாக, மரியதாசன் அடைபட்டிருந்த நாட்டில் உள்ள நம் தூதரகத்தில் ஒரு அதிகாரியின் எண் கிடைத்தது. மலையாளி. அவர் மலையாளத்தில் பேசினார், நான் நாகர்கோவில் தமிழில் பேசினேன், இருவருக்கும் தடங்கல் இல்லை. ரம்ஜான் பெருநாளுக்கு முன்பாக அந்த நாட்டு ஆட்சியாளர் கைதிகள் சிலரை மன்னித்து விடுதலை செய்வது வழக்கம் என்றார். மரியதாசனையும் அதில் சேர்க்கப் பார்க்கிறார்களாம். ஆனால் எல்லை தாண்டியதை ஒப்புக்கொண்டு அவர் மாப்பு கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். “அவர் மாட்டேன் என்கிறார். நான் இரண்டு தடவை நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரத்தோடு அந்தக் கதவு மூடிவிடும்” என்றார். மாப்பு என்றால் மன்னிப்பு, இரண்டு மொழிக்கும் பொதுவான சொல். அவர் அதைச் சொன்னவிதத்தில் களைப்பு தெரிந்தது.

சிறையிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்குப் பேச விடுவார்கள். கதவு மூடுவதற்கு முன்னால் ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் பாக்கி. அன்று வீட்டுக்கு வர முடியுமா என்று ஸ்டெல்லா கேட்டார். போனேன். வேலை செய்த கல்லூரியிலிருந்து அந்த ஊர் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். அதற்குமுன் நான் அங்கே போனதே இல்லை. உலக நாடுகள் ஒன்றுக்கொன்று அந்நியமாக இருப்பதைப் பற்றி வகுப்பெடுத்தவன், நம் மாவட்டத்தின் வயல்காட்டுக்காரன், கடற்கரையில் இறங்கி வழி கேட்டுக்கொண்டு போனேன்.

வீட்டில் ஸ்டெல்லாவும் ஷைனியும் மீனவர் சங்கச் செயலாளரும் இருந்தார்கள். செயலாளர் படித்தவர், நல்ல பேச்சாளர், கோபக்காரர். என்னைப் பார்த்ததும் தொடங்கிவிட்டார்.

“சார், நாளைக்கு மறியல். டிவிக்காரன்மாருக்குச் சொல்லியாச்சு. கொள்ளைக்காரனைப் போல பிடிச்சிட்டுப் போயிருக்கான். அவன் நாட்டுக் கொடிய ரோட்டுல போட்டு எரிச்சாத்தான் டெல்லிக்குக் கேக்கும்.”

அரபாபின் மேலாளரும் ஸ்டெல்லாவுக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தார். எக்காரணத்தைக் கொண்டும் மரியதாசன் ஒப்புக்கொள்ளக் கூடாது, நம்முடைய கடலில்தான் நின்றோம் என்று சொல்ல வேண்டும், வக்கீல் செலவை அரபாபே பார்ப்பார், அவர் அரசாங்கமே இதை எடுத்துப் பேசப்போகிறது.

“நல்ல மனுஷன்” என்றார் ஸ்டெல்லா.

“நல்ல மனுஷன் ஒண்ணும் இல்ல சேச்சி. இவரு தாண்டுனேன்னு சொன்னா அவனுக்குப் படகு போச்சி. அவனுக்கு வேண்டியது படகு” என்றார் செயலாளர்.

மார்க்சியப் பார்வையை அதைவிடச் சுருக்கமாக நானும் சொன்னதில்லை. படகு யாருடையது, உடம்பு யாருடையது என்று பார் என்பதுதான் அது. ஆனால் அதே செயலாளர் கொடியை எரிக்கப் போவதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இங்கேதான் எனக்கு யதார்த்தவாதம் கை கொடுத்தது. அதுவரை மரியதாசன் அந்த நாட்டுக்கு ஒரு கைதி, அவ்வளவுதான். அவர் பெயர் டிவியில் வந்து, கொடி எரிந்து, அரபாபின் அரசாங்கம் எங்கள் கடல் என்று முழங்கினால் அவர் கைதியாக இருக்க மாட்டார். எல்லைக்கோட்டுக்குச் சாட்சி ஆகிவிடுவார். தன் மானத்தை விட்டுக்கொடுத்து எந்த நாடும் அவரை விடாது. எதிரி நாட்டோடு பேரம் பேச வேண்டிய நாள் வரும் என்று பத்திரமாக வைத்துக்கொள்ளும்.

செயலாளருக்கு இதைச் சொன்னேன். “அப்பம் கடல் சட்டம் இல்லியா சார்? எல்லா நாடும் கையெழுத்துப் போட்டதுதானே? மீன்பிடிக்கப் போனவனை ஜெயில்ல போடப்பிடாதுன்னு அதுல இருக்கில்லா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நாடுகள் சேர்ந்து வாழ ஒப்பந்தங்களும் அமைப்புகளும் உதவும் என்பதுதான் தாராளவாதம். அதை நான் நம்புகிறேன், இன்றைக்கும். ஆனால் பேச்சே நின்றுபோன இரண்டு பேருக்கு நடுவே ஒப்பந்தம் மெதுவாகத்தான் வேலை செய்யும். வழக்கு நடக்கும், தீர்ப்பும் நல்லதாகவே வரலாம். அதற்குள் ஷைனிக்குக் கல்யாண வயது தாண்டிவிடும் என்றேன்.

போன் அடித்தது. ஸ்டெல்லா அதை மேசைமேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி செய்தார். வீட்டு நலம் விசாரித்து முடித்ததும் போனை என் பக்கம் தள்ளினார்.

“வணக்கம். நான் ஷைனிக்குப் பாடம் எடுக்கிறவன்.”

“தெரியும் சார். பிள்ளை சொல்லியிருக்கா.” குரல் தெளிவாக இருந்தது. “சாரும் மாப்பு கேக்கச் சொல்லத்தான் வந்திருக்கியளா?”

நான் இரண்டு கோடுகளையும் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். ஒரு கோட்டின்படி நீங்கள் தாண்டவில்லை, மற்றொன்றின்படி தாண்டிவிட்டீர்கள், அது இரண்டு அரசாங்கங்களின் வழக்கு, அதில் உங்களுக்கு வேலையில்லை என்று. பாதியில் நிறுத்தினார்.

“ரெண்டு கோடு உண்டுன்னு எனக்குத் தெரியாதா சார்? அங்க போற எல்லாருக்கும் தெரியும். நடுவுல உள்ள கடல்லதான் மீனு. நான் தெரிஞ்சுதான் அங்க நின்னேன். தாண்டுனேன்னு எழுதணும்னா எழுதுதேன். மாப்பு கேக்கணும்னாலும் கேக்கேன். அவிய அப்பிடி எழுதச் சொல்லல்ல.”

“பிறகு?”

“தெரியாம தாண்டிட்டேன்னு எழுதச் சொல்லுதாவ.”

செயலாளர் நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நான் சின்னப் பிள்ளையிலேருந்து கடல்ல போறவன். இருட்டுல எழுப்பிக் கேட்டாலும் எங்க நிக்கேன்னு சொல்லுவேன். நிக்குத இடம் தெரியாதவன் ஸ்ராங்கா சார்? அப்பிடி எனக்க கையால எழுதிக் குடுத்தா ஊருல எவன் எனக்குப் படகு தருவான்? எவன் எனக்க கூட ஏறுவான்?”

அதுவரை நாங்கள் எல்லோரும் எல்லைக்கோட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நானும் செயலாளரும் அரபாபும் தூதரகமும் இரண்டு அரசாங்கங்களும். சிக்கல் கோட்டில் இல்லை, ஒரு சொல்லில் இருந்தது.

“கொஞ்ச நாள் பேசுவாங்க. இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க அதை ஜெயில்ல இல்லாம இங்க வீட்டுல இருந்து கேக்கணும்” என்றேன்.

“பிள்ளைட்ட குடுங்க” என்றார். ஷைனி கை நீட்டுவதற்குள் நேரம் முடிந்து இணைப்பு அறுந்தது.

அங்கேயே உட்கார்ந்து தூதரக அதிகாரியை அழைத்தேன். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “மன்னிப்பே அந்தச் சொல்லுக்குத்தான் சார்” என்றார். “தெரியாமல் வந்தவன் விருந்தாளி மாதிரி, மன்னித்து அனுப்பலாம். தெரிந்து வந்தவன் அத்துமீறியவன். அவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.” மறுநாள் காலையில் கடைசியாக ஒருமுறை சிறைக்குப் போவதாகவும் சொன்னார்.

நண்பர்களே, இதுதான் கட்டமைப்புவாதம். அதை நடத்தும்போது பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். நட்பு, பகை, விருந்தாளி, அத்துமீறியவன் எல்லாம் இயற்கையில் கிடப்பவை அல்ல, சொல்லாலும் பழக்கத்தாலும் ஆனவை என்று அது சொல்கிறது. அதே கடல், அதே படகு, அதே மனுஷன். ஒரு சொல் இருந்தால் வீட்டுக்கு, இல்லாவிட்டால் சிறைக்கு. அந்தச் சொல் ஒரு அரசுக்கு அதன் பெருந்தன்மையைத் தருகிறது. அதே சொல் ஒரு ஸ்ராங்கிடமிருந்து அவருடைய பெயரை எடுத்துவிடுகிறது.

ஸ்டெல்லா என்னைப் பார்த்துக் கேட்டார். “என்ன சார் செய்யட்டு?”

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். நம் தொழிலில் நமக்கு ஒரு வசதி பழகிப்போகிறது. ஒருபுறம் இப்படி, மறுபுறம் அப்படி, விமர்சகர்கள் கருத்து வேறு என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைத்துவிட்டுப் போகலாம். அந்த அம்மாவிடமும் அப்படிச் சொல்லியிருக்கலாம், யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் கேட்டது ஒரு பதில். நான்கு கோட்பாட்டையும் கரைத்துக் குடித்தவன் அந்த நேரத்தில் ஒன்றைச் சொல்லாமல் நழுவினால் அவன் படித்ததற்கு அர்த்தமில்லை. சொன்னதற்கு அவனே பொறுப்பு, அதையும் சுமக்க வேண்டும்.

“எழுதச் சொல்லுங்க. அந்தச் சொல்லோட எழுதச் சொல்லுங்க” என்றேன். “மறியல் வேண்டாம். அரபாபுக்குப் பதிலும் வேண்டாம்.”

செயலாளருக்கு முகம் சுருங்கியது. “அவன் மானத்தை விக்கச் சொல்லுதிய” என்றார். நான் மறுக்கவில்லை. அது உண்மைதான்.

ஷைனி எழுந்து போனை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். குரல் செய்தி பதிந்தாள். “அப்பா, உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நீங்க எழுதிக் குடுத்திட்டு வாங்க.” அவ்வளவுதான். அதை அதிகாரிக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் தந்தாள். அங்கேயே அனுப்பிவைத்தேன்.

அதிகாரி மறுநாள் அதை மரியதாசனுக்குப் போட்டுக் காட்டினாராம். இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டாராம். பிறகு எழுதிக் கொடுத்தாராம். பெருநாளுக்கு முன்னால் விடுதலை ஆனவர்களில் அவர் பெயரும் இருந்தது.

செயலாளர் அன்றைக்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் மறியலை நிறுத்தினார். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வண்டி பிடித்துக்கொண்டு போய் மரியதாசனை ஊருக்குக் கூட்டி வந்ததும் அவர்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். நல்லபடியாக வந்தார் என்று உங்களிடம் வாய்ப்பேச்சாகச் சொல்லியிருப்பேன்.

அரபாப் அவரைத் திரும்ப எடுக்கவில்லை, வேறு எவரும் எடுக்கவும் விடவில்லை. ஊரில் இருந்தே தொழிலுக்குப் போகலாம் என்று பார்த்தார். அவர் பயந்ததுதான் நடந்தது. பேப்பரில் ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது, ‘தெரியாமல் எல்லை தாண்டிய மீனவர் விடுதலை’ என்று. அந்தத் தலைப்பு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நேருக்கு நேர் யாரும் பழிக்கவில்லை. படகு உரிமையாளர்கள் பிறகு சொல்கிறோம் என்றார்கள். கடைசியில் தன்னைவிட வயதில் இளைய ஒருவன் ஸ்ராங்காக இருந்த படகில் வலை இழுக்கும் ஆளாக ஏறினார். ஷைனிதான் இதையெல்லாம் அவ்வப்போது எனக்குச் சொன்னாள். மூன்றாம் ஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, அவள் நன்றாகப் படித்தாள், சிரிக்க மட்டும் மறந்திருந்தாள்.

நான் செய்தது தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். சரியான முடிவுக்கும் விலை உண்டு, அந்த விலையை முடிவு சொன்னவன் கொடுப்பதில்லை, கேட்டவர் கொடுக்கிறார். வகுப்பில் வல்லரசுகளின் முடிவுகளைப் பற்றிப் பேசும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மரியதாசன் சுசீந்திரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நெடிய மனிதர், கூச்சக்காரர். கையில் ஒரு நேந்திரன் வாழைக்குலை. “மீனு கொண்டு வந்தா நீங்க சோத்துல கூட்டமாட்டியன்னு பிள்ளை சொன்னா” என்று அதை வாசலில் சாய்த்து வைத்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். என் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்தார். அவர் என்னைத் திட்டுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். திட்டினால் கேட்டுக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன்.

“சார், எனக்க காரியத்தை நீங்க கிளாசில சொல்லுவியளாமே?”

“ஆமா. பெயர் சொல்ல மாட்டேன். வேண்டாம்னா அதையும் நிறுத்திடுறேன்.”

“நிறுத்தாண்டாம். சொல்லுங்க. பேரும் சொல்லுங்க, எனக்குப் பயம் ஒண்ணும் இல்ல.” தம்ளரைக் கீழே வைத்தார். “நான் எழுதிக் குடுத்தது அங்க ஆபீசில கெடக்கும். பேப்பர்லயும் வந்தாச்சு. அதை இனி மாத்த முடியாது. நீங்க வருஷா வருஷம் எத்தனையோ பிள்ளையளுக்குச் சொல்லுதிய. அதுவ நாளைக்கு வாத்தியாராவும், ஆபீசராவும், வக்கீலாவும் போவும். அதுவகிட்ட மட்டும் செரியாச் சொல்லிருங்க சார்.”

“என்ன சொல்லணும்?”

“அந்த ஸ்ராங்குக்குத் தெரியும்னு சொல்லணும்.”

நான் சொல்கிறேன் என்றேன். அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு ஆண்டும் அதை வகுப்பில் சொன்னேன். எந்தக் கோடு சரி என்று எனக்குத் தெரியாது, இரண்டு நாடுகளும் இன்னும் முடிவு செய்யவில்லை. அதை நான் பிள்ளைகளிடம் ஒருபோதும் முடிவுசெய்து சொன்னதில்லை. அந்த ஸ்ராங்குக்குத் தெரியும் என்ற ஒன்றை மட்டும் சந்தேகமில்லாமல் சொன்னேன்.

இப்போது வகுப்பு உங்களுடையது. கோட்பாடுகளை உங்கள் விருப்பப்படி நடத்துங்கள், என் பேச்சிப்பாறை உதாரணம் பிடிக்காவிட்டால் தூக்கி எறியுங்கள், அந்தப் பலகையை மாற்றினாலும் எனக்கு வருத்தமில்லை. சீட்டு விழுந்தவர் ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். மரியதாசன் என்ற பெயரோடு சொல்ல வேண்டும். முடிக்கும்போது, தாம் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியும் என்று சொல்லி முடிக்க வேண்டும். நான் அவருக்குக் கொடுத்த வாக்கு அது.